கோட்டுக்குப் பின்னால் நின்றவர்கள்: கோல்ஃபில் குறிபார்த்தலின் கதை

எங்கள் ஊர் சித்தையன்கோட்டையில் நெல் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, கிரிக்கெட் ஆட ஒரு பொட்டல் உண்டு. கோல்ஃப் என்றால் "டிவியில வருமே, அந்தப் பணக்காரன் ஆட்டமா?" என்று கேட்பார்கள். ஆனால் ஊருக்கு மேற்கே தெரியும் பழனி மலைத்தொடரின் மேலே, நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே, 1895-ல் தொடங்கப்பட்ட ஒரு கோல்ஃப் சங்கம் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப். 18 குழிகள் கொண்ட மைதானம். தூண் பாறைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். காட்டு மாடுகள் வந்து மேயும் பச்சைச் சரிவு அது.

நான் கோல்ஃப் வீரன் இல்லை. வேலை பார்க்கும் ஊரில், ஆபீஸ் நண்பர்களோடு டிரைவிங் ரேஞ்சுக்குப் போய் பந்து அடித்துப் பார்த்ததுண்டு. அவ்வளவுதான். என்னை இழுத்தது ஆட்டம் இல்லை. அதில் இருக்கும் ஒரு அளவீட்டுப் பிரச்சினை. ஒரே ஆள், ஒரே மட்டை, ஒரே பந்து. ஒரு தடவை நேராகப் போகிறது, அடுத்த தடவை பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது. ஏன்? மட்டையைச் சுழற்றும் விதத்தில் கோளாறு என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் எழுதியதைப் படித்தால், கோளாறின் பெரும்பகுதி மட்டை அசைவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்கிறார்கள். நிற்கும் விதம், பந்தை வைத்துக்கொள்ளும் இடம், தோளும் காலும் பார்க்கும் திசை. இவற்றைத்தான் செட்-அப், அலைன்மென்ட் என்கிறார்கள்.

இதன் வரலாற்றைத் தேடிப் போனபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பல பயிற்சிப் புத்தகங்கள் பல பத்தாண்டுகள் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டு, சரியாக நிற்கும் கலையை வளர்த்தவர்களில் பலர், முதலில் அடுத்தவர் மட்டைகளைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றவர்கள். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் வாதம்.

ஒரு டிகிரி என்றால் எவ்வளவு?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்.

200 மீட்டர் தூரத்துக்கு அடிக்கும்போது, கிளம்பும் திசை 1 டிகிரி பிசகினால் பந்து சுமார் 3.5 மீட்டர் விலகி விழும். 5 டிகிரி பிசகினால் 17 மீட்டருக்கு மேல். 5 டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாத கோணல். கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 6 டிகிரி.

தூர அடியை விடுங்கள். குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிடும்போது? கோல்ஃப் குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். 3 மீட்டர் தள்ளி நின்று உருட்டினால், குழியின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 1 டிகிரிதான் இடம். அதைத் தாண்டினால் பந்து குழியைக் கடந்து போய்விடும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். மட்டையைப் பின்னால் தூக்கி, கீழே கொண்டுவந்து பந்தைத் தொடும் வரை ஒன்றே கால் நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இறங்கும் பாகம் மட்டும் கால் நொடி சொச்சம். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கால் நொடிக்குள் "ஐயோ, கோணலா வருதே" என்று யோசித்துத் திருத்துவது நடக்காத காரியம். எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த புரோகிராமில் கை வைக்க முடியாது. ஓடவிடுவதற்கு முன் கொடுக்கும் இன்புட்டைத்தான் சரிபார்க்க முடியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வில், துப்பாக்கி, கோலிக்குண்டு எல்லாவற்றிலும் குறிபார்க்கும் கண், ஆயுதத்துக்குப் பின்னால், குறிக்கு நேராக இருக்கும். கோல்ஃபில் மட்டும் ஆள் பக்கவாட்டில் நிற்கிறார். குறி இடது தோளுக்கு அப்பால் இருக்கிறது. கண் பந்துக்கும் குறிக்கும் இடையிலான கோட்டில் இல்லை, கோட்டுக்கு ஒரு பக்கமாக இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கோடு கோடாகத் தெரியாது.

எங்கள் ஊர்க் கொத்தனார்கள் இதை நன்றாக அறிவார்கள். வீட்டு வேலை நடந்தபோது, எழும்பிக்கொண்டிருந்த சுவருக்கு எதிரில் நின்று "நேரா இருக்கே மாமா" என்று சொன்ன என்னிடம், உறவுக்காரரான கொத்தனார் சொன்னார்: "தம்பி, சுவத்துக்கு எதுக்க நின்னா கோணல் தெரியாது. மூலைக்குப் போயி ஒத்தக் கண்ணால பாரு." மூலையில் நின்று பார்த்தால் அரை அங்குலப் புடைப்பும் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையின் சாரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கோட்டைப் பார்க்க வேண்டும் என்றால் கோட்டின் முனைக்குப் போக வேண்டும்.

புத்தகங்கள் சொன்னது

கோல்ஃப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய செய்தியே குறிபார்த்தலோடு சம்பந்தப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. 1457-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. ஆண்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இவற்றின் பின்னால் போனதுதான் காரணம். அம்பை நேராக விட வேண்டியவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் போர் என்ன ஆவது என்ற கவலை.

எப்படி நிற்க வேண்டும் என்று முதலில் எழுதிவைத்தவர் எடின்பரோவில் மருத்துவம் படித்த தாமஸ் கின்கெய்ட் என்ற இளைஞர். 1687 ஜனவரியில் தன் நாட்குறிப்பில், கால்களை வாள் பயிற்சிக்கு நிற்பதுபோல வைத்துக்கொள்வது, பந்து நெஞ்சுக்கு நேரே கொஞ்சம் இடது கால் பக்கமாக இருக்க வேண்டும் என்பது வரை குறித்துவைத்திருக்கிறார். இன்றைக்கும் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். 300 வருடத்துக்கு மேல் ஆகியும் மாறாத ஒரு ஆலோசனை.

அச்சில் வந்த முதல் பயிற்சி நூல் 1857-ல், ஹெச். பி. ஃபார்னி எழுதியது. 1887-ல் சர் வால்டர் சிம்ப்சனின் புத்தகம் புகைப்படங்களோடு வந்தது. புகைப்படம் வந்ததும் எல்லோர் கவனமும் அசைவின் மேல் போய்விட்டது. மட்டை எங்கே போகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று. நிற்கும் நிலை வெறும் முதல் படம். அதைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நிற்பதற்கு மறுபடி முக்கியத்துவம் கொடுத்தவர்களில் ஹாரி வார்டன் ஒருவர். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 1896 முதல் 1914 வரை 6 தடவை வென்றவர். 1905-ல் வந்த அவருடைய புத்தகத்தில் மட்டைக்கு மட்டை நிற்க வேண்டிய முறை படத்தோடு இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, வார்டன் குறிக்கோட்டுக்கு இணையாக நிற்கவில்லை. இடது காலைக் கொஞ்சம் பின்வாங்கி, உடம்பைக் குறி பக்கம் திறந்துவைத்து நின்றார்.

அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் பென் ஹோகன். 1957-ல் வந்த அவருடைய ஐந்து பாடங்கள் கொண்ட புத்தகம் கோல்ஃப் உலகின் பாடநூல் மாதிரி. வலது பாதம் குறிக்கோட்டுக்குச் செங்குத்தாக, இடது பாதம் கால் பங்கு வெளியே திரும்பி இருக்க வேண்டும் என்றார். நீள மட்டைக்கு வலது காலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றார், குட்டை மட்டைக்கு இடது காலைப் பின்வாங்கி நின்றார்.

ஆக, நீள மட்டைக்கு ஒருவர் திறந்து நின்றார், இன்னொருவர் மூடி நின்றார். இரண்டு பேருமே பந்தை நேராக அடிப்பதில் பேர் எடுத்தவர்கள். அப்படியென்றால் "இப்படித்தான் நிற்க வேண்டும்" என்ற விதி பொய்யா?

என் புரிதல் இது. அளவீட்டில் இரண்டு வகைப் பிழை உண்டு. ஒரு தராசு எப்போதும் 50 கிராம் கூடக் காட்டினால் கவலையில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் 50 கூட, ஒரு நாள் 30 குறைவு என்று காட்டினால் அதை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. வார்டனும் ஹோகனும் கோணலாக நின்றாலும், ஒரே மட்டைக்கு ஒவ்வொரு தடவையும் அதே கோணலில் நின்றார்கள். சாதாரண ஆட்டக்காரர் இன்றைக்கு 4 டிகிரி வலப்பக்கம், நாளைக்கு 3 டிகிரி இடப்பக்கம் பார்த்து நிற்கிறார். பந்து வலப்பக்கம் போனதும் கையை முறுக்கித் திருப்பப் பார்க்கிறார். அடுத்த தடவை நிற்கும் நிலை தற்செயலாகச் சரியாக இருந்தால், அந்த முறுக்கலே பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும். ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை. கோடு எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி நன்றாகவே தெரியும்.

சுமந்தவர்களின் பாடம்

இனி ஆட்களைப் பற்றி. கோல்ஃப் பையைச் சுமந்து ஆட்டக்காரரோடு நடப்பவர் கேடி. மேலே சொன்ன வார்டன் ஜெர்சி தீவில் சிறுவனாக இருந்தபோது கேடி வேலை பார்த்தவர். அவருடைய காலத்தில் 5 தடவை ஓப்பன் வென்ற ஜே. ஹெச். டெய்லரும் அப்படித்தான். பென் ஹோகன் டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் நகரத்து கிளப் ஒன்றில் கேடி. அதே கிளப்பில் அவரோடு பை சுமந்த இன்னொரு பையன் பைரன் நெல்சன். அவரும் பின்னாளில் பெரிய சாம்பியன். 1913-ல் அமெரிக்க ஓப்பனில் வார்டனையே தோற்கடித்த 20 வயது ஃபிரான்சிஸ் வீமெட்டும் முன்னாள் கேடிதான். அன்று அவருக்குப் பை சுமந்த எடி லோவரிக்கு வயது 10.

இந்தியாவுக்கு வருவோம். 1829-ல் கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதுதான் மிகப் பழையது என்பார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஆட்டத்தில் இந்தியர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த இடம் பைக்குப் பக்கத்தில்தான். 1964-ல் இந்தியன் ஓப்பன் தொடங்கி, அடுத்த வருடமே பி. ஜி. சேத்தி வென்றார். ஆனால் அவர் தொழில்முறை வீரர் இல்லை, அமெச்சூர். தொழில்முறை இந்திய வீரர் ஒருவர் அதை வெல்ல 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்றவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993-ல் மறுபடியும் வென்றார். 2009-ல் வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்து வந்தவர்.

கொடைக்கானலுக்கும் இதே கதைதான். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மலேரியாவுக்குப் பயந்து மலையேறி வீடு கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வீரே ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். மோட்டார் சாலை வருவதற்கு முன், துரைமார்கள் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மாட்டுவண்டியில் பெரியகுளம் அடிவாரம் வரை போய், அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ மலையேறினார்கள். டோலி தூக்கியவர்களும் சாமான் சுமந்தவர்களும் நம் பக்கத்து ஆட்கள். மேலே போனதும் மட்டையைச் சுமக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

ஏழைப் பிள்ளைகளுக்கு மைதானத்துக்குள் நுழைய வேறு வழி இல்லை, அதனால்தான் கேடிகள் வீரர்கள் ஆனார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், அது பெரிய காரணம். ஆனால் அது மட்டும்தானா? கேடியின் வேலை என்ன என்று யோசியுங்கள். பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் பல நேரம் பந்துக்குப் பின்னால், குறிக்கோட்டின் முனையில் நிற்கிறார். கொத்தனார் சொன்ன மூலை அது. ஆட்டக்காரர் ஒரு நாளில் தன்னுடைய அடிகளை மட்டும், அதுவும் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். கேடி வருடக்கணக்கில் பல பேருடைய அடிகளைப் பின்னாலிருந்து பார்க்கிறார். இவர் இப்படி நின்றார், பந்து அங்கே போனது. இத்தனை ஆயிரம் சோடிகள் மனதில் ஏறினால் அது ஒரு பெரிய தரவுத்தொகுப்பு.

கேடியாக இல்லாத ஒரு மாமேதையின் வழக்கம் இதை உறுதிப்படுத்துகிறது. 18 மேஜர் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ் வசதியான வீட்டுப் பிள்ளை. ஒவ்வொரு அடிக்கும் முன் அவர் பந்துக்குப் பின்னால் போய் நின்று தூரத்துக் குறியைப் பார்ப்பார். அந்தக் கோட்டிலேயே பந்துக்குச் சில அடி முன்னால் கிடக்கும் ஒரு சருகையோ புல் திட்டையோ அடையாளம் வைத்துக்கொள்வார். பிறகு பக்கவாட்டில் வந்து, 200 மீட்டர் தள்ளியிருக்கும் கொடியை விட்டுவிட்டு, அந்தச் சருகுக்கு மட்டையின் முகத்தை நேராக வைப்பார். 1974-ல் வந்த தன் புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். கேடி நிற்கும் இடத்துக்கு ஆட்டக்காரர் தானே போய், அங்கே கண்டதைக் கையோடு எடுத்துவரும் உபாயம் இது. நடவுக்குக் கயிறு பிடிக்கும்போது வரப்போரம் குச்சி நட்டுக்கொள்வோமே, அதே புத்தி.

மரத்தில் மோதிய பாடம்

இனி, புத்தகங்களின் தப்பு. பந்து கிளம்பும் திசையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மட்டை போகும் பாதை, மட்டையின் முகம் பார்க்கும் திசை. இதில் எது முக்கியம்? பல பயிற்சி நூல்கள் சொன்ன பதில்: பந்து மட்டையின் பாதையில் கிளம்பும், பிறகு முகம் பார்க்கும் பக்கமாக வளையும்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். உங்களுக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு மரம். பந்தை மரத்தின் வலப்பக்கமாக அனுப்பி, இடப்பக்கம் வளைத்துக் கொடிக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பாடம்: காலையும் தோளையும் மரத்துக்கு வலப்பக்கம் பார்த்து வை, மட்டையின் முகத்தை மட்டும் கொடியைப் பார்த்து வை. மரம்தான் கொடிக்கு நேரே நிற்கிறதே! பந்து பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையில்தான் கிளம்பும். ஆக, நேரே மரத்தில்.

1968-ல் பிரிட்டனில் அலெஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் அறிவியல் சோதனைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். கிளம்பும் திசையில் முகத்தின் பங்குதான் பெரிது என்பது அதிலேயே இருக்கிறது. ஆனால் பயிற்சி மைதானங்களில் பழைய பாடம் தொடர்ந்தது. அது உடைந்தது ரேடார் வந்த பிறகுதான். 2003-ல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் நிறுவனம் டாப்ளர் ரேடாரை கோல்ஃப் மைதானத்துக்குக் கொண்டுவந்தது. அளந்து பார்த்தால், டிரைவர் மட்டையில் கிளம்பும் திசைக்கு முகத்தின் பங்கு சுமார் 85 சதவீதம். இரும்பு மட்டைகளில் சுமார் 75 சதவீதம். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவைத் தருகிறது.

இந்த ரேடார் பெட்டியை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? பந்துக்குப் பின்னால், குறிக்கோட்டில். கேடி நிற்கும் அதே இடம்.

இன்னொரு தொடர்பு, இது முழுக்க நம்மூர் சம்பந்தப்பட்டது. டாப்ளர் ரேடார் என்பது, நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் நீளம் மாறுவதை வைத்து வேகத்தைக் கண்டுபிடிப்பது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கிச் சில வருடத்தில், 1899-ல், சென்னை வானாய்வுக்கூடத்தின் சூரிய ஆய்வு வேலை அதே கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஒளிக்கோடுகளை அளந்தார். கோடுகள் மிக லேசாக இடம் பெயர்ந்திருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று அதை வைத்துச் சொன்னார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடநூல்களில் இருப்பது இதுதான். அதுவும் டாப்ளர் பெயர்ச்சியேதான்.

ஒரே மலை. ஒரு மேட்டில் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வாயு போகும் திசையை டாப்ளரால் சொல்கிறார்கள். இன்னொரு சரிவில் ஆட்டக்காரர்கள் 150 மீட்டரில் பந்து ஏன் கோணலாகப் போகிறது என்று தலையைச் சொறிகிறார்கள். அந்தக் கேள்விக்கு அதே டாப்ளரிடமிருந்து பதில் வர இன்னும் நூறு வருடம் ஆனது.

அப்படியானால் ஹோகனும் நெல்சனும் தப்பான பாடத்தோடு எப்படி நேராக அடித்தார்கள்? பந்து போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கையைத் திருத்திக்கொண்டார்கள். உடம்பு சரியாகக் கற்றுக்கொண்டது. அதை வார்த்தையில் சொல்லும்போதுதான் தப்பு வந்தது. கற்றுக்கொண்டவனின் கை ஒன்று செய்ய, எழுதும் கை வேறொன்றை எழுதுவது எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். பாதிக்கப்பட்டவர்கள் புத்தகத்தை நம்பிய சாதாரண ஆட்கள். முகத்தைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலைச் சரிவின் கணக்கு

கொடைக்கானல் மாதிரி மலை மைதானத்தில் இன்னொரு சிக்கல். தரை சமமாக இருக்காது. பந்து உங்கள் பாதத்தைவிட மேட்டில் கிடந்தால், வலது கைக்காரருக்கு அது இடப்பக்கமாகப் போகும். மட்டையின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தரையோடு சேர்த்து மட்டையையும் சாய்த்துப் பிடித்தால், மேலே பார்த்துக்கொண்டிருந்த முகம் கொஞ்சம் இடப்பக்கமும் பார்க்கும்.

எவ்வளவு? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 38 டிகிரி சாய்வுள்ள ஒரு நடுத்தர இரும்பு மட்டை, தரைச் சரிவு 5 டிகிரி என்றால், முகம் சுமார் 4 டிகிரி இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. 130 மீட்டரில் அது 9 மீட்டர் விலகல். அதே சரிவில் 10 டிகிரி சாய்வுள்ள டிரைவர் என்றால் 1 டிகிரிகூட வராது. ஆகவே சரிவில் நிற்கும்போது எவ்வளவு தள்ளிக் குறிபார்க்க வேண்டும் என்பது மட்டைக்கு மட்டை மாறும். மைதானத்திலேயே வளர்ந்தவருக்கு இது வாய்ப்பாடு மாதிரி மனதில் இருக்கும்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 7000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. பந்து கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். வளைவு தானே வந்து காப்பாற்றும் என்று நம்ப முடியாத இடத்தில், கிளம்பும் திசைக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

2019-ல் வந்த தடை

இவ்வளவு காலம் கேடி செய்த ஒரு உதவி இப்போது சட்டப்படி குற்றம். ஆட்டக்காரர் காலை ஊன்றி நிற்கத் தொடங்கும்போது, கேடி பின்னால் கோட்டில் நின்று "கொஞ்சம் வலது... போதும், சரி" என்று சொல்வது வழக்கமாக இருந்தது. பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் இது அதிகம் தெரிந்தது. 2019 ஜனவரி முதல் அமலுக்கு வந்த விதி 10.2b, அடிக்க நிற்கத் தொடங்கியதிலிருந்து அடித்து முடியும் வரை கேடி வேண்டுமென்றே அந்தக் கோட்டில் பின்னால் நிற்கக் கூடாது என்கிறது. திசை காட்டக் குச்சியோ மட்டையோ தரையில் வைத்துக்கொண்டு அடிப்பதும் கூடாது. பயிற்சியில் செய்யலாம், போட்டியில் முடியாது.

விதியை எழுதியவர்களின் நியாயம்: குறிபார்ப்பது ஆட்டக்காரரின் அடிப்படைத் திறமை, அதை இரவல் வாங்கக் கூடாது. எனக்கு அது ஏற்புடையதே. ஆனால் அதற்குள் ஒரு ஒப்புதலும் இருக்கிறது. சும்மா பை தூக்குகிறவர் என்று நினைக்கப்பட்ட ஆளின் கண், ஆட்டத்தின் முடிவையே மாற்றும் அளவுக்கு மதிப்புள்ளது என்று விதிப்புத்தகமே ஒத்துக்கொண்டிருக்கிறது. மதிப்பில்லாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை.

ஆடுகிறவர்களுக்கு

டிரைவிங் ரேஞ்சுக்குப் போகும் நண்பர்கள் கேட்பார்கள் என்பதற்காக, வரலாற்றிலிருந்து பிழிந்து எடுத்தது இவ்வளவு:

முதலில் பந்துக்குப் பின்னால் போய் நின்று குறியைப் பாருங்கள். கோட்டில், பந்துக்கு இரண்டு மூன்று அடி முன்னால் ஒரு அடையாளம் பிடியுங்கள்.

அடுத்து மட்டையின் முகத்தை அந்த அடையாளத்துக்கு நேரே வையுங்கள். கால் அதற்குப் பிறகுதான். முகத்துக்குத்தானே பெரிய பங்கு.

பிறகு காலும் தோளும். இவை குறியைப் பார்க்கக் கூடாது. குறிக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கொடைரோடு ஸ்டேஷனில் தண்டவாளத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தண்டவாளத்தில் பந்தும் குறியும், மற்றொன்றில் உங்கள் கால். தூரத்தில் இரண்டும் சேர்கிற மாதிரி தெரியும், ஆனால் சேராது. தோளைக் கொடிக்கு நேராக வைத்தால் உடம்பு வலப்பக்கம் பார்த்துவிடும். இதுதான் வலது கைக்காரர்கள் பொதுவாகச் செய்வது.

பயிற்சியில் தரையில் ஒரு குச்சியைக் கோட்டுக்கு இணையாகப் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனை உங்களுக்குப் பின்னால் கோட்டில் வைத்து வீடியோ எடுங்கள். பந்து இடது காலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று மட்டைவாரியாகக் குறித்துவையுங்கள். கின்கெய்ட் 1687-ல் செய்ததும் அதுதான்.

வார்டன் எழுதினார், ஹோகன் எழுதினார், நிக்லஸ் எழுதினார். கேடியாகவே இருந்து ஓய்ந்துபோனவர்கள் கண்டது ஏட்டில் ஏறவில்லை. கொடைக்கானலின் எந்தச் சரிவில் பந்து எந்தப் பக்கம் இழுக்கும், பனி இறங்கும் மாலையில் எவ்வளவு தள்ளிக் குறிபார்க்க வேண்டும் என்ற அறிவு ஒரு தலைமுறை ஆட்களின் தலைக்குள் இருந்தது, இன்னும் சிலரிடம் இருக்கும். மலையடிவார ஊர்களில் அப்படி வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், உட்கார வைத்துக் கேளுங்கள். எங்கே நின்று பார்த்தார்கள், என்ன தெரிந்தது என்று கேட்டு செல்போனில் பதிவு செய்து வையுங்கள். ரேடார் சொல்வதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.